சித்திரக்கதை கேள்வி–பதில்: தேதி சொல்லிப் போடுவதா, முடிந்தபோது போடுவதா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன. இணையத்தில் தொடராக வரும் சித்திரக்கதைக்குத் தேதி வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் அது. ஏற்காட்டிலிருந்து வந்த நீண்ட கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, நான் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரியில் உட்கார்ந்து வரைவேன். எஸ்டேட் லைன் வீட்டில் வளரும் ஓர் அக்காவையும் தம்பியையும் வைத்து ஒரு தொடர். வாராவாரம் வெள்ளிக்கிழமை ஒரு பக்கம் என்று அறிவித்துத் தொடங்கினேன். ஆறேழு மாதம் சரியாகப் போனது. நவம்பரில் பழம் பறிப்பு ஆரம்பித்ததும் அலுவலக வேலை இரட்டிப்பாகிவிட்டது. வெள்ளிக்கிழமையைக் காப்பாற்றுவதற்காகவே வரைந்த பக்கங்கள் எனக்கே பிடிக்கவில்லை. மரம் இல்லை, மலை இல்லை, இரண்டு முகங்கள் பேசிக்கொண்டே இருக்கின்றன. 'இனி திருப்தியாக வந்தால்தான் போடுவேன்' என்று எழுதிவிட்டேன். அதற்கப்புறம் நான்கு மாதத்தில் போட்டது மூன்றே பக்கம். படம் பிரமாதம் என்கிறார்கள், ஆனால் படிக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். 'கலைஞனுக்கு எதுக்குடா டைம்டேபிள்' என்கிறான் நண்பன். தேதி வைத்து வரைந்தால் தரம் கெடுமா? தேதி வைக்காவிட்டால் தரம் கூடுமா?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய இணைப்பில் போய் எல்லாப் பக்கங்களையும் படித்தேன். கதைக்காக ஒரு தடவை, படத்துக்காக ஒரு தடவை. பொதுவாகப் பேசுவதற்கு முன் உங்கள் பக்கங்களைப் பற்றியே பேசிவிடலாம்.

பறிப்புக் காலத்தில் அவசரமாக வரைந்ததாக வருத்தப்படுகிறீர்களே, அவற்றில் ஒரு பக்கம் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. "அப்பா இன்னைக்கும் லேட்டாத்தான் வருமா?" என்று தம்பி கேட்கிறான். அக்கா பதில் சொல்லாமல் அடுப்பை ஊதுகிறாள். அடுத்த கட்டத்திலும் ஊதிக்கொண்டே இருக்கிறாள். அந்தப் பக்கத்துக்கு மலை தேவைப்படவே இல்லை. பின்னணி இல்லாததால்தான் அந்த வீட்டின் இருட்டு தெரிகிறது. நேரம் இல்லாததால் நீங்கள் விட்டுவிட்டது அங்கே கதைக்கு நல்லதாகவே முடிந்திருக்கிறது.

இப்போது, திருப்தியாக வந்த பிறகு போட்ட மூன்று பக்கங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கோடை மழைக்குப் பிறகு காபிச் சரிவு முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கிறது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருப்பதை இலை இலையாகப் போட்டிருக்கிறீர்கள். சட்டம் போட்டு மாட்டலாம். ஆனால் கதை ஓர் அடிகூட நகரவில்லை. போன பக்கத்தில் அக்கா பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கப்போவதாகச் சொன்னாள். அதைப் படித்துவிட்டு ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தவருக்குப் பூவைக் காட்டுகிறீர்கள். வாசகர்கள் குறைந்ததற்கு ஒரு காரணம் இங்கேயே இருக்கிறது.

எனவே தரம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். அவசரம் வந்தால் சித்திரக்கதையில் முதலில் போவது பின்னணி. அடுத்தது கைவிரல்கள்: எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டோ பையில் விட்டுக்கொண்டோ நிற்க ஆரம்பிப்பார்கள். அப்புறம் கோணம் போகும். எல்லாக் கட்டமும் இடுப்புக்கு மேலே, கண் மட்டத்திலேயே இருக்கும். வசனம்தான் கடைசியில் போகும். வசனம் போகாத வரை வாசகர் பொறுத்துக்கொள்வார்.

தேதியே இல்லாமல் வரையும்போது கெடுவது வேறு. கதை முடிவை நோக்கிப் போவது நின்றுவிடும். வரைகிறவருக்குக் கை தேறிக்கொண்டே இருப்பதால், சில மாதம் கழித்துப் பார்த்தால் பழைய பக்கம் கண்ணை உறுத்தும். அதைத் திரும்ப வரையத் தோன்றும். முதல் அத்தியாயத்தை மூன்று தடவை வரைந்துவிட்டு இரண்டாம் அத்தியாயத்துக்கே போகாமல் நின்றுபோன இணையத் தொடர்கள் ஏராளம். இடைவெளியில் பாத்திரத்தின் மூக்கும் தாடையும்கூட மாறிவிடும். வாசகர் பெயரைப் பார்த்துத்தான் யார் என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

தேதி வைத்தால் தரம் கெடும் என்பது உண்மையாக இருந்தால், சார்லஸ் ஷுல்ஸ் பத்திரிகைகளுக்குத் தினமும் வரைந்த 'பீனட்ஸ்' என்றைக்கோ படிக்க முடியாமல் போயிருக்க வேண்டும். 1950 முதல் 2000 வரை, 17,897 படக்கதைகள். உதவியாளர் யாரும் இல்லை, எல்லாம் அவர் கை. அந்த ஐம்பது வருடத்தில் அவர் எடுத்த ஒரே நீண்ட விடுப்பு 1997-இல் ஐந்து வாரம், தன் 75-ஆவது பிறந்தநாளையொட்டி. 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' வரைந்த பில் வாட்டர்சன் வேறு மாதிரி. 1985-இல் தொடங்கி 1995 கடைசி நாளோடு நிறுத்திக்கொண்டார். நடுவில் 1991-இலும் 1994-இலும் பல மாத விடுப்பு. இரண்டையும் எந்த வயதில் எடுத்துப் படித்தாலும் எனக்குச் சலிக்கவில்லை.

வாட்டர்சன் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. முதல் விடுப்பு முடிந்து 1992-இல் திரும்பி வந்ததும் அவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்கள் அடியோடு மாறின. ஓய்வு கிடைத்தது மட்டும் காரணமில்லை. அதுவரை பத்திரிகைகள் தங்கள் வசதிக்கு ஞாயிறு பக்கத்தின் கட்டங்களை வெட்டி மாற்றி அடுக்க முடியும். அதனால் எல்லாரும் ஒரே அளவுக் கட்டங்களில்தான் வரைந்தாக வேண்டும். 1992-க்குப் பிறகு அவர் பக்கத்தை யாரும் பிரிக்க முடியாது என்று ஆனது. ஒரே பெரிய படமாகவோ சின்னச் சின்னதாக இருபது கட்டமாகவோ இஷ்டப்படி போட்டார். அந்த வளர்ச்சியில் பெரிய பங்கு அவருக்குக் கிடைத்த இடத்துக்கு உண்டு என்பது என் கருத்து. உங்களுக்கு இணையத்தில் அந்த இடம் முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். நீங்கள் சேலத்துக்கு இறங்கும்போதெல்லாம் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் கடந்துதான் வருகிறீர்கள். 1930-களில் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். நேரத்தில் கண்டிப்பானவர் என்று சினிமா உலகமே சொன்ன மனிதர் அவர். அந்தக் கண்டிப்புக்கு நடுவில்தான் 1950-இல் மு.கருணாநிதியின் வசனத்தில் 'மந்திரி குமாரி' வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் அங்கிருந்துதான் வந்தது. கண்டிப்பு படங்களைக் கெடுக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் உண்டு: அங்கே கதைக்கென்றே தனி இலாகா இருந்தது, அரங்கம் இருந்தது, மாதச் சம்பளத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். கேமரா ஓடுவதற்கு முன்னாலேயே பாதி வேலை முடிந்திருக்கும்.

உங்கள் சிக்கல் இதில்தான் இருக்கிறது. நீங்கள் திங்கள்கிழமை யோசித்து, செவ்வாய் பென்சில் போட்டு, வியாழன் ராத்திரி வண்ணம் தீட்டி, வெள்ளிக்கிழமை போடுகிறீர்கள். முன்னால் ஒன்றுமே தயாராக இல்லை. என் அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. முகூர்த்த மாதம் வருவதற்கு முன்பே கம்பி இழுத்து, கண்ணி கோத்து, பற்றவைத்த சங்கிலிகளை எடுத்து வைத்துவிடுவார். ஆர்டர் வந்தால் முத்து கட்டி மெருகு போட்டுக் கொடுக்க வேண்டியதுதான். சொன்ன நாளுக்குச் சரக்கு போகும், அவரும் ராத்திரி தூங்குவார். உங்களுக்கும் அப்படிக் கையிருப்பு வேண்டும். வெப்காமிக்ஸ் வரைகிறவர்கள் இதை 'பஃபர்' என்பார்கள். கதை எழுத்து குறைந்தது ஓர் அத்தியாயம் முன்னால் ஓட வேண்டும், முடித்த பக்கங்கள் ஐந்தாறு கையில் இருக்க வேண்டும். அதுவரை புதுப் பக்கம் எதையும் வெளியிடாதீர்கள்.

சரி, தேதியே வைக்காமல் நன்றாகச் செய்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். இணையத்தில் படமும் எழுத்துமாகப் போடும் ஆலி ப்ராஷ் தன் மனச்சோர்வைப் பற்றி 2011 அக்டோபரில் ஒரு சித்திரக் கட்டுரை போட்டார். அதன் இரண்டாம் பகுதி வந்தது 2013 மே மாதம். ஒன்றரை வருடம் கழித்து வந்தாலும் ஜனங்கள் ஓடி வந்து படித்தார்கள். ஏனென்றால் அவர் போடுவது ஒவ்வொன்றும் தலை முதல் கால் வரை முழுசாக இருக்கும். முன்கதை நினைவில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் கதை அப்படியில்லை. அக்கா பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறாளா இல்லையா என்பதை வாசகர் மனசில் சுமந்துகொண்டு இருக்கிறார். எவ்வளவு நாள் சுமக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். தொடர்கதைக்குத் தேதி அவசியம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. பத்துப் பதினைந்து வருடம் முன்பு வெப்காமிக்ஸ் படித்தவர்கள், தளங்களில் புதிதாக வருவதைத் திரட்டித் தரும் ஆர்எஸ்எஸ் (RSS) என்ற இணைய வசதியில் பதிந்துவைத்திருப்பார்கள். புதுப் பக்கம் எப்போது வந்தாலும் தானாக வந்து சேரும், தேதி தெரியாவிட்டாலும் தவறவிட மாட்டார்கள். இன்று பெரும்பாலானோர் இன்ஸ்டாகிராமில் படிக்கிறார்கள். அங்கே யாருக்கு எது காட்டப்படும் என்பது உங்கள் கையில் இல்லை. நாலு மாதம் விட்டுவிட்டுப் போட்டால் பழைய வாசகர் கண்ணில் படாமலே போகலாம். ஒரு வாட்ஸ்அப் சேனலோ மின்னஞ்சல் பட்டியலோ வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தது என்று சொல்ல ஒரு வழி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். வாரம் ஒரு பக்கம் என்பதை விட்டுவிடுங்கள். எட்டுப் பக்கக் காட்சி ஒன்று வாரம் ஒரு பக்கமாக வந்தால் முடிய இரண்டு மாதம் ஆகும். ஒரே மாலையில் நடக்கிற சண்டையை வாசகர் இரண்டு மாதம் படிப்பார். காட்சியை முழுசாக வரைந்து, மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மொத்தமாகப் போடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் கடைசிக் கட்டத்திலும் ஒரு திருப்பம் வைக்க வேண்டிய கட்டாயமும் அப்போது போய்விடும். அடுப்பு ஊதுகிற பக்கம் மாதிரி அமைதியான பக்கங்களுக்கு இடம் கிடைக்கும்.

எத்தனை பக்கம் முடியும் என்பதை உங்கள் நல்ல வாரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உடம்பு சரியில்லாத வாரம், ஆடிட்டர் வருகிற வாரம், கரண்ட் போய்ப்போய் வருகிற வாரம், இவற்றில் எவ்வளவு முடிந்ததோ அதுதான் உங்கள் அளவு. மாதம் நாலு பக்கம்தான் என்றால் நாலு பக்கக் காட்சிகளாக எழுதுங்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை பறிப்பு. அது வருடா வருடம் வரும், திடீரென்று வந்து விழுகிற விஷயமில்லை. அந்த மூன்று மாதமும் தொடர் கிடையாது என்று அக்டோபரிலேயே சொல்லிவிடுங்கள், பிப்ரவரியில் எந்தத் தேதியில் திரும்புவீர்கள் என்பதையும் சேர்த்து. எஸ்டேட்டைப் பற்றிய கதை எஸ்டேட்டின் பருவத்தோடு வந்து போவதில் எனக்கு ஓர் அழகுகூடத் தெரிகிறது.

உங்கள் நண்பருக்கு ஒரு வார்த்தை. ராண்டல் மன்றோவின் 'எக்ஸ்கேசிடி' என்ற இணையச் சித்திரக்கதை 2005-இலிருந்து வருகிறது, வாரத்தில் மூன்று நாள்: திங்கள், புதன், வெள்ளி. 2013 மார்ச்சில் அதில் 'டைம்' என்று ஒரு படம் வந்தது. கடற்கரையில் மணல் கோட்டை கட்டும் இருவர். முதலில் அரைமணிக்கு ஒரு தடவையும் பிறகு மணிக்கு ஒரு தடவையும் அந்தப் படம் தானாக மாறிக்கொண்டே நான்கு மாதம் ஓடி, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் ஒரு முழுக் கதையாக முடிந்தது. அடுத்த வருடம் அறிவியல் புனைகதைகளுக்கான ஹ்யூகோ விருதும் கிடைத்தது. அது அந்த வரிசையில் மற்றவற்றைப் போல ஒரு கிழமைக்கு வந்த படம்தான். டைம்டேபிள் வைத்திருந்த ஆள்தான் நேரத்தையே கதையாக்கினார்.

கேள்வி: தினம் ஒரு சின்னச் சித்திரக்கதை போட ஆசை. பைத்தியக்காரத்தனமா?
– கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி

பதில்: இல்லவே இல்லை. ஆனால் தினசரி என்று முடிவெடுத்த நிமிடமே உங்கள் படம் எப்படி இருக்க வேண்டும் என்பதும் பாதி முடிவாகிவிடும். ரயன் நார்த் 2003 முதல் 'டைனோசர் காமிக்ஸ்' நடத்துகிறார். ஆறு கட்டங்கள், ஒவ்வொரு தடவையும் அதே படங்கள், அதே டைனோசர்கள், வசனம் மட்டும் புதிது. வரைகிற வேலையை ஒரே தடவையில் முடித்துவிட்டு எல்லா உழைப்பையும் எழுத்தில் போடுகிறார். ஹோவர்ட் டெய்லர் 'ஸ்க்லாக் மெர்சினரி' என்ற விண்வெளிக் கதையை 2000 ஜூன் முதல் 2020 ஜூலை வரை நாள் தவறாமல் போட்டார். கையில் எப்போதும் சில வாரத்துக்கான கையிருப்பு வைத்திருப்பவர். தொடங்கிய காலத்துப் படங்களையும் முடித்த காலத்துப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தினமும் வரைந்தால் கை எங்கே போய்ச் சேரும் என்று தெரியும்.

நமக்குப் பாட்டன் 'கன்னித்தீவு'. தினத்தந்தியில் 1960-இல் ஆரம்பித்தது. சிந்துபாத்தும் லைலாவும் நம் தாத்தா காலத்திலிருந்து நடந்துகொண்டே இருக்கிறார்கள். முடியாத எதையும் 'கன்னித்தீவு மாதிரி' என்று சொல்லும் அளவுக்கு அது பேச்சிலேயே கலந்துவிட்டது. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு குறையும் ஒளிந்திருக்கிறது. தினமும் இரண்டு மூன்று கட்டத்தில் ஒரு கொக்கி போட்டே ஆக வேண்டும் என்றால் கதை முடிவை நோக்கிப் போகாது, அடுத்த கொக்கியை நோக்கித்தான் போகும். அதனால் தினசரி எடுத்தால் தொடர்கதை வேண்டாம். அன்றன்றைக்கு முடிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டில் கேட்டது, ஹாஸ்டல் மெஸ்ஸில் நடந்தது, தட்டுவடை செட்டுக் கடையில் நின்றபோது காதில் விழுந்தது என்று சேலம் தினமும் விஷயம் கொடுக்கும். பாத்திரங்களை ஐந்து கோட்டில் வரையக்கூடிய மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் பரீட்சைக்கு இப்போதே கையிருப்புச் சேர்க்க ஆரம்பியுங்கள்.

கேள்வி: ஓர் ஆங்கில வெப்காமிக்ஸுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறேன். ஐந்து மாதமாக ஒரு பக்கம்கூட வரவில்லை. கோபப்பட எனக்கு உரிமை உண்டா, அல்லது கலையைக் காசால் அளக்கிறேனா?
– தறி நெசவாளர், அம்மாபேட்டை

பதில்: உரிமை உண்டு, அண்ணா. ஆனால் தாமதத்துக்காகக் கோபப்படாதீர்கள், மௌனத்துக்காகக் கோபப்படுங்கள்.

ரிச் பர்லூவின் 'ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்' எப்போதும் ஒழுங்கான தேதிக்கு வந்த தொடர் இல்லை. ஆனாலும் 2012 தொடக்கத்தில் பழைய தொகுதிகளை மறுபடி அச்சடிக்க அவர் வாசகர்களிடம் கேட்டது சுமார் 57 ஆயிரம் டாலர், வந்து குவிந்தது 12 லட்சம் டாலருக்கு மேல். அதே வருடம் செப்டம்பரில் அவர் கையில் பலமான வெட்டுக்காயம் பட்டு, தொடர் மாதக்கணக்கில் நின்றது. என்ன நடந்தது என்று அவர் வாசகர்களுக்குச் சொன்னார், அவர்களும் காத்திருந்தார்கள். பணம் கொடுத்தவருக்குச் செய்தியாவது வர வேண்டும் என்பதுதான் என் நிலை.

வாசகர்கள் படைப்பாளிக்கு நேரடியாகப் பணம் கட்டும் பேட்ரியான் தளம் 2013-இல் தொடங்கியபோதே, ஒரு படைப்பு வெளிவந்தால் மட்டும் பணம் எடுக்கிற முறை அதில் இருந்தது. எப்போது முடியும் என்று தெரியாமல் வரைகிறவருக்கு அதுதான் நேர்மையான முறை. மாதச் சந்தா வாங்குகிறவர்கள் வேலை நடக்காத மாதத்தில் வசூலை நிறுத்திவைக்கவும் அங்கே வழி உண்டு. உங்கள் ஓவியர் அதைச் செய்யவில்லை, ஒரு வரியும் எழுதவில்லை என்றால் சந்தாவை நிறுத்துங்கள். திரும்பி வந்தால் மறுபடி கட்டுங்கள். கூலிக்கு நெய்கிறவர் காசை மதிப்பதில் கலைக்கு எந்தக் குறையும் வராது.

கேள்வி: என் மகன் செல்போனில் மேலிருந்து கீழே தள்ளிப் படிக்கிற மாதிரி ஒரு தொடர் வரைகிறான். ஞாயிற்றுக்கிழமை தோறும் போட வேண்டுமாம். சனிக்கிழமை ராத்திரி தூக்கமே கிடையாது. இப்போது மணிக்கட்டு வலிக்கிறது என்கிறான். 'கொரியாவுல எல்லாரும் இப்படித்தாம்மா பண்றாங்க' என்கிறான். உண்மையா?
– ஓர் அம்மா, குகை

பதில்: பாதி உண்மை, அம்மா. கொரியாவில் நேவர் நிறுவனம் 2004-இல் இந்த வடிவத்தைத் தன் தளத்தில் தொடங்கியது. ஒவ்வொரு தொடருக்கும் ஒரு கிழமை, வாராவாரம் அதே நாளில் வரும். மகன் பார்த்து ஆசைப்பட்டது அதைத்தான். அவன் கண்ணுக்குத் தெரியாத மறுபாதி, அங்கே பெரிய தொடர்கள் பலவற்றை ஒரே ஆள் வரைவதில்லை. கதைக்கு ஒருவர், கோட்டுக்கு ஒருவர், வண்ணத்துக்கு ஒருவர், பின்னணிக்கு ஒருவர் என்று குழுவாக வேலை செய்கிறார்கள். அப்படியிருந்தும் 'டவர் ஆஃப் காட்' என்ற மிகப் புகழ்பெற்ற தொடர் அதன் ஓவியரின் உடல்நிலை காரணமாக 2020-இல் நின்று, அடுத்த வருடம்தான் திரும்ப வந்தது. ஜப்பானில் 'ஹன்ட்டர் ஹன்ட்டர்' வரையும் தொகாஷிக்கு முதுகுவலி. உட்கார்ந்து வரைய முடியாத நிலை. 2018 நவம்பரில் நின்ற தொடர் 2022 அக்டோபரில்தான் தொடர்ந்தது. அதன் பிறகு அது வாராந்திரத் தொடராக வராது என்று பத்திரிகையே அறிவித்துவிட்டது. இதை அவனிடம் படித்துக் காட்டுங்கள்.

மணிக்கட்டு வலியோடு விரல்களில் மரத்துப்போகிற உணர்வும் இருந்தால் இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போங்கள், அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். தொடரை நிறுத்து என்று மட்டும் சொல்லாதீர்கள், கேட்க மாட்டான், கேட்கவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று மாற்றச் சொல்லுங்கள். பதினைந்து எபிசோடு முடிந்ததும் 'முதல் சீசன் முடிந்தது' என்று போட்டுவிட்டு ஒரு மாதம் ஓய்வு எடுக்கலாம். கொரியத் தொடர்களிலும் சீசன் இடைவெளி உண்டு. அதையும் அவன் பார்த்திருப்பான். அவன் வரைந்த எபிசோடுகளின் இணைப்பை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், படிக்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

கேள்வி: முத்து காமிக்ஸ் காலத்து ஆள் நான். இரும்புக்கை மாயாவிக்காகப் புத்தகக் கடைக்கு நடையாய் நடந்தவன். அடுத்த புத்தகம் எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருந்ததில் ஒரு சுகம் இருந்தது. தேதி தெரிந்துவிட்டால் அந்தச் சுகம் போய்விடாதா?
– ஓய்வுபெற்ற அச்சக ஊழியர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: ஐயா, அந்தச் சுகம் எனக்கும் தெரியும். சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸும் 1984-இல் லயன் காமிக்ஸும் வர ஆரம்பித்து, ஒரு தலைமுறையே பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தலையை நீட்டி 'வந்திருச்சா' என்று கேட்டது. நடுவில் இதழ்கள் வருவதே அரிதாகிப்போன வருடங்களிலும் வாசகர்கள் போகவில்லை. ஆனால் அங்கே வந்த கதைகளில் பெரும்பாலானவை அந்தந்தப் புத்தகத்திலேயே முடிந்துவிடுபவை. மாயாவி ஆபத்தில் இருக்கும்போது உங்களை யாரும் ஒரு வருடம் நிற்க வைக்கவில்லை. அவர் பத்திரமாக வீடு சேர்ந்த பிறகுதான் நீங்கள் காத்திருந்தீர்கள். இன்னொன்று: 2012-இல் அந்த இதழ்கள் சந்தா முறையோடு புது வடிவில் எழுந்து நின்றபோது, மாதா மாதம் புத்தகம் கைக்கு வர ஆரம்பித்தது. பழைய வாசகர்கள் சுகம் போய்விட்டது என்று சொல்லி விலகவில்லை, சந்தாதான் கட்டினார்கள். நீங்களும் கட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: எல்லாருக்கும் தேதி சொல்கிறீர்களே, உங்கள் தொடர் எப்போது வரும்?
– ஒரு வாசகி, கொண்டலாம்பட்டி

பதில்: மாதத்தின் முதல் சனிக்கிழமையும் மூன்றாம் சனிக்கிழமையும், காலை ஏழு மணிக்கு. ஆடிப் பண்டிகை வாரத்தில் வராது. அந்த வாரம் வண்டி வேடிக்கை பார்க்கக் குகைக்குப் போய்விடுவேன்.